ஆறு மணிப் பலகை

ஜூன் 14, சனிக்கிழமை. வழமைபோல காலை ஆறு மணிக்குத் தேநீர் குடித்தேன். ஆறரைக்கு, தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் பலகையை மாற்றினேன். அக்கராயன் குளத்தில் கோடைச் சிறுபோகத்துக்கு முறைத் தண்ணீர்: ஆறு மணி வரை என் வயலுக்கு, பிறகு ஏழு வரை கடைசி வயலுக்கு.

அந்த வயல் மட்டும் ஏன் மஞ்சளாகிறது என்று அறியும் ஆவலில் வாய்க்காலோரம் நடந்தேன். பூச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். வரம்பில் வயல்காரி செல்வி மண்வெட்டியோடு காத்திருந்தா.

"பயிருக்கு என்ன வருத்தம், தங்கச்சி?"

"தாகம்தான் அண்ணை. நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிச்சாத்தானே எனக்குத் தண்ணி வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். மூன்று வாரமாக என் கையெழுத்திலேயே இருந்தது: ஆறு மணி, தேநீர், ஆறரை, பலகை. செல்வியின் அரை மணித்தியாலத்தைத் தினமும் நான் குடித்திருக்கிறேன்.

மறுநாள் ஆறு மணிக்கு முதல் வேலையாகப் பலகையை மாற்றினேன். திரும்பி வந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.