சிலோன்காரியின் பாதி வாளி

பூங்காவனத்தை எங்கள் காலனியில் சிலோன்காரி என்றுதான் சொல்வோம். அவள் பிறந்தது அங்கே, தேயிலைத் தோட்டத்தில். ஒப்பந்தம் போட்டு, "உன் நாடு அதுதான், போ" என்று கப்பலேற்றி விட்டார்கள். பாட்டன் ஊர் வெம்பக்கோட்டை பக்கம் என்பதால் இங்கே வந்து விழுந்தாள். சுடலை அவளைக் கட்டினான். இருபது வருசத்துக்கு மேல் ஆகியும் அவளுக்கு இது வெளிநாடுதான்.

அங்கே அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் பீலி என்று ஒன்று உண்டாம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ராத்திரி பகல் பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருக்குமாம்.

"மூட மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"மூடுறதுக்கு அதுல திருகு கிடையாது மதினி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாசத்துக்கு இரண்டு தரம் குழாயில் தண்ணீர் வந்தால் குலவை போடாத குறையாக ஓடுகிற தெருவில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் உடம்பெல்லாம் மருந்து ஒட்டிக்கொண்டு வருவார்கள். குளிக்க இருப்பது ஒரே வாளி. முதலில் அவள் குளிப்பாள். பாதியில் நிறுத்தி, மீதியைச் சுடலைக்கு வைப்பாள். அவனும் குளித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு வருவான். காதுக்குப் பின்னால் வெள்ளிப் பொடி அப்படியே மினுங்கும்.

"ஒரு நாளாவது இந்த மனுசன் தலை நிறைய ஊத்திக் குளிக்கணும் மதினி. பீலிக்கு அடியில கொண்டுபோய் நிறுத்தணும்" என்பாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசக் கோடை எங்களை வாட்டி எடுத்துவிட்டது. லாரி வந்தால் உண்டு. குழாய் வெறும் காற்றை ஊதியது. அந்தச் சித்திரையில் ஒரு காலையில் சுடலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் செத்தவரைக் குளிப்பாட்ட ஆம்பளைகள் குடத்தோடு போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். நீர்மாலை என்போம். சுடலைக்குப் பிள்ளை இல்லை. அவன் சித்தப்பா கண்ணுச்சாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு குடத்தோடு அணைக்குப் போனார். உச்சிவெயில் ஆகியும் ஆளைக் காணோம்.

சுடலையை முற்றத்து பெஞ்சில் கிடத்தியிருந்தோம். பூங்காவனம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உள்ளே வருகிற ஆளிடமெல்லாம் "தண்ணி வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள். என் ட்ரம்மைச் சாய்த்து ஒரு செம்பு வழித்துக்கொண்டு போனேன். எட்டிப் பார்த்தாள்.

"சேறு மதினி. இன்னைக்குமா இவருக்கு இப்படி?"

பாவி மகள், என் ஈரக்குலையைப் பிடுங்கிவிட்டாள். எங்கே போவேன் நான் நல்ல தண்ணீருக்கு?

கண்ணுச்சாமி வெறுங்குடத்தோடு வந்தார். அணை வெடிப்பு விட்டுக் கிடக்கிறதாம். அய்யாதுரை தோட்டத்துக் கிணற்றில் அடியில் கொஞ்சம் கிடக்கிறது, மோட்டார் போடக் கரண்ட் இல்லையாம்.

"இருக்கிறதத் தெளிச்சுத் தூக்கிருவோம். இந்த வெயிலுக்குத் தாங்காது" என்றார்.

பூங்காவனம் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க மாமா, கொஞ்சம்."

அப்போதுதான் தெருக்குழாய் சீறியது. சீறி, இருமி, கொட்ட ஆரம்பித்தது.

ஒருத்தி எழுந்திருக்க வேண்டுமே! தெருவில் பிணம் கிடக்கும்போது குழாயில் யாரும் குடம் வைக்கக் கூடாது. அம்புட்டுப் பேரும் வாயில் சேலையை வைத்துக்கொண்டு, தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தச் சாங்கியத்தைக் கண்டுபிடித்தவன் வீட்டில் கிணறு இருந்திருக்கும்.

பூங்காவனம் எழுந்தாள். கண்ணுச்சாமி கையிலிருந்த குடத்தைப் பிடுங்கினாள்.

"ஏத்தா, பொம்பள நீர்மாலை எடுக்குறதா? ஊரு காறித் துப்பாதா?"

"நீங்க கொண்டாந்த கொடத்துல என்ன மாமா இருக்கு?"

அவள் பிடித்து வந்தாள், பெஞ்சில் கிடந்தவன் தலையில் முழுக்குடத்தையும் கவிழ்த்தாள். "குளிங்க, நல்லா குளிங்க" என்றாள். இன்னொரு குடம் ஊற்றினாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்த்தாள். மூன்றாவது குடத்தைக் குழாயில் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். குடத்தை இழுத்துவிட்டாள்.

"புடிங்க மதினி. நின்னுரப் போகுது."

முதலில் ஓடியது நான்தான். வெட்கம் என்ன வெட்கம், வீட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

சுடலையைத் தூக்கிப் போனபின் அவள் தலை முழுக வேண்டும். ஒரு வாளி நிறையக் கொண்டுபோய் அவள் வீட்டுப் பின்பக்கம் வைத்துவிட்டு, தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஊற்றுகிற சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தால் வாளியில் சரிபாதி இருக்கிறது. இவள் முடியைப் பிழிந்துகொண்டிருக்கிறாள்.

"ஏன் நிறுத்திட்ட? முழுசையும் ஊத்து. இன்னைக்கு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

"போதும் மதினி. அவரு இன்னும் குளிக்கல."

சொன்ன பிறகுதான் வாளியைப் பார்த்தாள். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.