பட்டினி போட்ட ஈஸ்ட்

பசியெடுத்தால் ஒரு செல் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு வாய் நிற்காது. உடைந்தது, ஓட்டையானது என்று தனக்குள் கிடக்கும் குப்பையையெல்லாம் பொட்டலம் கட்டித் தானே தின்றுவிடும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு லாரி அனுப்புகிற வேலையே கிடையாது. இதை முடுக்கிவிட ஒரு புரதம் உண்டு. ஈஸ்ட்டிலும் உண்டு, மனிதனிலும் உண்டு, இத்தனை கோடி வருஷத்தில் பெரிதாக மாறவே இல்லை. ஈஸ்ட்டிடம் இருப்பதைப் பிடுங்கிவிட்டு நம்முடையதைக் கொடுத்தால், அது பட்டினியில் பிழைக்குமா? பிழைத்தால் எனக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் வேறு தலைப்பு, இன்னும் சில வருஷம், வியாசர்பாடி வீட்டில் அம்மாவின் அதே கல்யாணப் பேச்சு.

புரதத்தைப் பிடுங்கிய ஈஸ்ட்டையும், பிடுங்கிவிட்டு நம்முடையதைக் கொடுத்த ஈஸ்ட்டையும் தனித்தனியாகக் கழுவி, சத்தில்லாத திரவத்தில் விட்டு, குடுவைகளில் 'பட்டினி' என்று எழுதி ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் எல்லாவற்றிலும் மஞ்சள் கஞ்சி. ஈஸ்ட்டின் சாப்பாடு அதுதான். ஆய்வகத்தில் குடுவை கழுவி, அந்தக் கஞ்சியையும் காய்ச்சி வைக்கிற எண்ணூர் அக்கா பக்கத்தில் பெருமையோடு நின்றார்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க?"

"நீதான பட்டினின்னு எழுதிக்கீற. பாவம், அதுங்கள வுட்டுட்டு நீ மட்டும் போய்த் துன்னுட்டு வர்றியே பாப்பா."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை அக்கா அந்த மேஜைப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டேன். அவரா சும்மா இருப்பார்? வாசலில் நின்றே விசாரிப்பார்.

"இன்னா, செத்துப்பூச்சா?"

எனக்கும் அந்தப் பயம்தான்.

ஒரு வாரப் பட்டினிக்குப் பிறகு, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துச் சாப்பாடு உள்ள தட்டில் வைத்தேன். உயிரோடு இருப்பது மட்டும்தான் அதில் வளரும். மறுநாளுக்கு மறுநாள் திறந்தால், புரதம் இல்லாத வரிசை மொட்டையாகக் கிடந்தது. மனிதப் புரதம் கொடுத்த வரிசையில் குட்டி இட்லி மாதிரி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். நான் போட்ட கூச்சலில் அக்கா தடையை மறந்து உள்ளே ஓடி வந்தார். பட்டினியில் ஈஸ்ட்டைக் காப்பாற்றியது மனிதப் புரதம்தான் என்று சொன்னேன்.

"அப்ப அது நம்ம ஒடம்புல கீறதா?"

"ஆமாக்கா. எனக்கும் கீது, உனக்கும் கீது."

அக்கா தட்டருகே குனிந்தார்.

"அதான பார்த்தேன்" என்றார். "புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நான் காலி வயித்தோட படுத்துகினு இருந்த காலத்துல, எப்டித்தான் காலைல எழுந்து வேலைக்குப் போனேன்னு எனக்கே வெளங்கல."