பத்ரி பார்த்து வந்தவர்

யாத்திரைக் கூட்டங்களுக்குச் சமைக்கப் போகும் யதிராஜனுக்கு விறகு போடுகிறவன் நான். அவர் காசி, மதுரா எல்லாம் போனவர். அடுப்படியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. பனிமலையையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் பத்ரிக்குக் கிளம்பினார்.

வழியெல்லாம் மூடுபனி. கடைசி நாள் காலையில் பனி விலகி வெளுத்தது. மலை தெரிகிறது என்று வாசலில் கூட்டம் கூவியது. குளித்து, யாரையும் தொடாமல் மடியோடு சமைத்துக்கொண்டிருந்தவர், “நானும் வரட்டுமா?” என்றாராம்.

“மடி என்னாறது ஓய்? சாதத்தை இறக்கிட்டு வாரும். மலை எங்கே ஓடிடப் போறது?” என்று கூட்டத்துத் தலைவர் சிரித்தாராம்.

சாதம் வெந்து இவர் வெளியே வந்தபோது மலையை மேகம் மூடியிருந்தது.

ஊர் திரும்பியதும், பத்ரி பார்த்து வந்த புண்ணியவான் என்று தெருவே அவர் காலில் விழுந்தது. “மலை எப்படி சாமி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“அங்கே விறகெல்லாம் ஈரம்ப்பா” என்றார்.