கரண்ட் போனதற்கு ஸ்தோத்திரம்

சபையாரே, நான் செத்தால் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்த ஒரு பகலில் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கணவர் இறந்த பிறகு, தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். லைன் வீட்டில் ஓர் அறை. பக்கத்து அறைகளில் ஆட்கள் உண்டு. ஷிப்டு முடிந்து வருவார்கள், தூங்குவார்கள், போவார்கள். என் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது.

மாசக்கணக்காகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. கேஸ் என்று சோடா குடித்துக்கொள்வேன். கம்பெனியில் எல்லோருக்கும் அது கேஸ்தான். நெஞ்சுவலி என்று வாய் திறந்தால் நாளைக்கு வேலைக்கு வராதே என்பார்களே!

2008-ல் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பும்போது வலி பிடித்தது. தாடை, முதுகு, இடது கை. வேர்த்துக் கொட்டியது. பாயில் சாய்ந்தவளால் எழ முடியவில்லை. லைனில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப்புறம் நிட்டிங் மெஷின்கள் ஓடின. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அழுதேன். "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை அனுப்பும். தனியாகச் சாகப் பயமாக இருக்கிறது" என்று ஜெபித்தேன்.

கரண்ட் போய்விட்டது.

மெஷின்கள் எல்லாம் நின்றன. அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மறுபடி "அம்மா" என்றேன். புழுக்கம் தாங்காமல் முன்வீட்டு வாசலுக்கு வந்த, எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்கார அம்மாவின் காதில் அது விழுந்தது. தண்ணீரைச் சிந்தாதே என்பதைத் தவிர என்னிடம் பேசாதவர், கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"ஏன் கண்ணு, என்னாச்சு?"

"கேஸும்மா."

"கேஸா? எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் வேர்த்துச்சு. இது ஹார்ட்டு கண்ணு. எந்திரிக்காத, காரை எடுக்கச் சொல்றேன்."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே சொன்னார். அந்த அம்மா என் கையை விடவில்லை. அவர் கணவருக்கு முதல் வலியிலேயே கோயம்புத்தூர் போய் டெஸ்ட் எடுத்தார்களாம். அதே வலிதான். கார் நிற்கிற வீட்டில் அதற்கு ஹார்ட் என்று பேர், லைன் வீட்டில் கேஸ். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். ஆண்டவரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிவிட்டேன். கரண்ட் போனால் ஊரே திட்டுகிறது. நான் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, லைனில் சாத்தியிருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். தனியாகக் கிடக்கும் சகோதரனே, சகோதரியே, கேஸ் என்று சும்மா இருக்காதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். ஆண்டவர் கேட்கிறார். நானும் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறேன்.