கடலில் போட்ட பந்தி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் அழகியநம்பி பிள்ளையைத் தெரியாதவர் கிடையாது. கெட்டிக்காரர் என்று பேர் எடுத்ததால் அல்ல, பிடிவாதக்காரர் என்று பேர் எடுத்ததால். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்திய மனிதர். அவருடைய அப்பா ஊரில் அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பொங்கிப் படைத்தவர். படைக்குமுன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மகன் அதைக் கல்யாண வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பந்தி உட்கார்ந்து, தின்று, எழும்பிப் போகும்வரை சமைத்தவன் வாயில் ஒரு பருக்கை போகாது. உப்புப் பார்க்காமல் எப்படிச் சமைப்பது என்று கேட்பவர்கள் நூறு பேருக்கு உலை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆவியை மோந்தால் போதும், அவருக்குத் தெரியும்.

இந்தப் பிடிவாதம் ஒருமுறை சோற்றிலேயே மண்ணைப் போட்டது. பெரிய இடத்துக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, "சாம்பாரை ஒரு வாய் குடிச்சுக் காட்டும் ஓய்" என்றார். இவர் முடியாது என்றார். அவர் விடவில்லை. இவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒருத்தரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை.

வலியதுறையில் கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்த திரவியம்தான் வழி சொன்னான். கிழக்கே போகிற கப்பல்களில் இந்துப் பயணிகளுக்குத் தனி அடுப்பு உண்டு, நல்ல சமையல்காரர் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்றான். பிள்ளை சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் மனைவி வடிவாம்பாள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"சீனாக்காரன் கடல்ல கப்பலையே புடிச்சுக் கொள்ளையடிக்கானுவளாம். சாலை பூராவும் அதுதான் பேச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"எங்கிட்ட என்னட்டி இருக்கு கொள்ளையடிக்க? ஒரு அகப்பை, ரெண்டு வேட்டி."

"அகப்பையக் கேட்டா குடுத்திருங்க. உங்க வாய மட்டும் தொறக்காதீங்க. அது போரும் நான் தாலியோட இருக்க."

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிரண்டு, அதாவது இங்கிலீஷ் ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, தை மாதம். ரயிலேறி நாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலில் சிங்கப்பூர் போனார். சிங்கப்பூரில் வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள். அது ஹாங்காங் போகிற சரக்குக் கப்பல். மேல்தட்டில் பயணிகளும் உண்டு.

அந்தக் கடலில் கொள்ளைக்காரர்கள் படகில் துரத்திக்கொண்டு வருவதில்லை. நம்மைப்போல டிக்கெட் எடுத்து, மூட்டை முடிச்சோடு, கூலிக்காரர்கள் மாதிரி ஏறிவிடுவார்கள். யார் பயணி, யார் கள்ளன் என்று தெரியாமல் மாலுமிகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கப்பலோட்ட வேண்டும். கப்டன் நிற்கிற இடத்தைச் சுற்றி இரும்புக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு காவலுக்கு நாலு பேர். இருந்தும் என்ன? மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, காவல்காரர்கள் மாறுகிற நேரத்தில், ஒரு விசில் சத்தம் கேட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் கிடந்த இருபத்திரண்டு பேர் எழுந்தார்கள். கையில் துப்பாக்கி. கால்மணி நேரத்தில் கப்பல் அவர்களுடையது.

கப்டனுக்குத் தோளில் குண்டு. கப்பலின் பெரிய சமையலறையில் சமைக்கிறவனுக்கு முழங்கையில் குண்டு. எஞ்சின் ஓட்டுகிறவர்களை மட்டும் விட்டுவிட்டு, மீதி அறுபது பேரையும் சரக்கறையில் தள்ளிப் பூட்டினார்கள். சோறில்லை, தண்ணீருக்கு ஒரே ஒரு வாளி. அந்த அறுபதில் தாசம்மாளும் ஒருத்தி. பாறசாலைக்காரி, ஒரு துரை வீட்டுக் கைக்குழந்தையை அதன் தாயிடம் கொண்டு சேர்க்கப் போய்க்கொண்டிருந்த ஆயா. ஊர்ப்பேச்சுக் கேட்டதும் பிள்ளைக்கு அவளைத் தெரிந்துபோனது.

மறுநாள் மத்தியானம் கதவு திறந்தது. "சமையல் யாரு? வா" என்று தமிழில் ஒரு குரல். பினாங்கு துறைமுகத்தில் நம் ஆட்களோடு மூட்டை தூக்கிப் பழகிய கொள்ளைக்காரன் அவன். கன்னத்தில் அம்மைத்தழும்பு. பிள்ளை எழுந்தார்.

தாசம்மாள் அவர் வேட்டியைப் பிடித்தாள். "அண்ணாச்சி, இந்தப் பச்சப்பிள்ளைக்குத் தொண்ட காஞ்சு அழச் சத்தம்கூட வரமாட்டேங்கு. ஒரு வாய் கஞ்சித்தண்ணியாவது கொண்டாங்க."

"பாக்கேன் பிள்ளே."

அறுபது பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது மணி நேரமாக ஒன்றும் தின்னாத ஆட்கள். கப்டன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார்.

பிள்ளை பெரிய அண்டாவில் உலை வைத்தார். தழும்புக்காரன் பின்னாலேயே நின்றான். தங்கள் இருபத்திரண்டு பேருக்கு மட்டும்தான் சோறு என்று அவன் சொல்லியிருந்தான். இவர் காதில் வாங்காமல் மூட்டையோடு அரிசியைக் கொட்டினார். "எதுக்கு இவ்வளவு?" என்று அவன் கேட்டான். "எனக்குக் குறைச்சு வைக்கத் தெரியாது" என்றார். அது உண்மைதான். வீட்டில் இரண்டு பேருக்கு வைக்கச் சொன்னால் வடிவாம்பாள் மூன்று நாள் பழையது தின்ன வேண்டும்.

சோறும் பருப்பும் புளிக்கறியும் இறங்கின. கொள்ளைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. தழும்புக்காரன் அண்டாவைக் காட்டினான்.

"நீ தின்னு. முதல் நீ."

"பந்தி எழும்பட்டும். பொறவு தின்னுக்கிடுதேன்."

"விஷம் போட்டியா?"

"சீ! அடுப்புல வச்ச பண்டத்துல எவனாவது..."

துப்பாக்கி நெற்றியில் வந்து ஒட்டியது.  ஒரு வாய்தானே, தின்றுவிட்டுப் போவோம் என்று பிள்ளை அகப்பையை எடுத்தார். நிஜமாகவே எடுத்தார். வாய்ப்பக்கம் கொண்டுபோனார். கை அதற்கு மேலே எழும்பவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கைக்கு அந்த வழி தெரியாது. அகப்பையிலிருந்து பருப்பு கீழே சொட்டியது. இது போதாதா? விஷமேதான் என்று சுற்றி இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

அப்போது கீழே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. தாசம்மாளாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

"வே, விஷம்னு பயந்தா எனக்கு எதுக்குத் தாறே? நான்தான் வச்சவன். மாத்து மருந்து தின்னுட்டு வந்திருப்பேன்னு நெனைக்க மாட்டியா? கீழ கெடக்கானுவல்லா, அவனுவளுக்குப் போடு. அவனுவ உசுரோட இருந்தா நீங்க தின்னுங்க."

தழும்புக்காரன் மற்றவர்களிடம் சொன்னான். ஏதோ பேசினார்கள். "சரி. ரெண்டு பேரைக் கொண்டா" என்றான்.

"ரெண்டு பேரா? ரெண்டு பேரு மேலாப்புலே உள்ளதத் தின்னுட்டுப் போவான். அடியில விஷம் கெடந்தா என்ன செய்வே? அண்டா பாதிக்கு இறங்கணும். அறுபது பேரும் வந்து இருந்தாத்தான் எறங்கும்."

தழும்புக்காரன் அண்டாவை எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். பசி வந்தால் கொள்ளைக்காரனுக்கும் நியாயம் சீக்கிரம் புரியும்.

அறுபது பேரும் வெயிலுக்குக் கண் கூசிக்கொண்டு மேலே வந்தார்கள். பிள்ளை அவர்களை வரிசையாக உட்கார வைத்தார். வெள்ளைக்காரக் கப்டனுக்குப் பக்கத்தில் கப்பல்தட்டுக் கழுவுகிற சுல்தான் என்கிற ஆள், அவனுக்குப் பக்கத்தில் ஒரு சிந்திச் சேட்டு. இலைக்கு எங்கே போவது? தகரத் தட்டும் பெட்டி மூடியும்தான். எல்லோருக்கும் உப்பு வைத்தார், சோறு போட்டார், பருப்பு ஊற்றினார். கப்டனுக்குக் கை எழும்பாததால் பக்கத்தில் இருந்தவனை ஊட்டச் சொன்னார். தாசம்மாள் கஞ்சித்தண்ணியைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தாள். அது சப்புக்கொட்டியது.

அரைமணி நேரம் கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தின்பதைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள். ஒருவனும் செத்து விழவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்கள் தின்றார்கள். எல்லோரும் எழும்பிய பிறகு பிள்ளை அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றார்.

இரண்டு நாளில் ஐந்து நேரம் இதே முறை. அதற்கு மறுநாள் காலையில் ஒரு குடாக்கடலில் கப்பலை நிறுத்தினார்கள். பட்டு, வெள்ளி, பயணிகளின் நகை எல்லாவற்றையும் படகுகளில் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அறுபது பேரில் ஒருவரும் சாகவில்லை.

ஹாங்காங்கில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷியை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சோறு கிடைக்கவேண்டும் என்று முதலிலேயே திட்டம் போட்டீரா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள்.

"இல்ல. மொதல்ல தின்னாதது என் பழக்கம். அதுக்கு நான் பெருமை கொண்டாட முடியாது. அடியில விஷம்னு சொன்னதுதான் யோசிச்சுச் சொன்னது" என்றார் பிள்ளை.

கப்டன் நல்ல கையால் தொப்பியைக் கழற்றினார்.

சித்திரையில் ஊர் வந்து சேர்ந்தார். தாசம்மாள் அவருக்கு முன்பே வந்து, சந்து முழுவதும் கேட்கும்படி வடிவாம்பாளிடம் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கதை கேட்டவர்கள் சமையலுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கூப்பிட்டது கரமனைப் பக்கத்துப் பகவதியம்மாள், மகள் கல்யாணத்துக்கு. கறிகாய் நறுக்கும் இடத்தில் வடிவாம்பாளும் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சிவகாமியம்மாள் அங்கே வந்து மூக்கைச் சுளித்தாள்.

"இந்தக் கையா நம்ம பந்திக்குச் சமைக்கப் போகு? கள்ளப்பயலுவளுக்குப் பொங்கிப் போட்ட கையில்லா இது? கொன்னாலும் மாட்டேன்னு நிக்க வேண்டாமா ஆம்பளை?"

அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கை நின்றது. பகவதியம்மாள் இவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பிசகினால் இந்தச் சமையலும் போகும், இனி வருகிறதும் போகும்.

வடிவாம்பாள் பூசணிக்காயை வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா மயினி, போட்டாரு. ரெண்டாம் பந்தியிலதான் போட்டாரு. மொதப் பந்தியில பச்சப்பிள்ளையோட அறுபது பேரு இருந்து வயறு நெறையத் தின்னாவ. அது வரைக்கும் துப்பாக்கிக்காரன் எலைக்குக் காத்துக்கிட்டு இருந்தான். உங்க வீட்டுல எந்த ஆம்பளைக்குக் கள்ளன் காத்துக்கிட்டு இருந்திருக்கான், சொல்லுங்க, நானும் கேக்கேன்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிவகாமியம்மாள், "நான் என்னத்தக் கண்டேன், சொன்னதத்தானே சொன்னேன்" என்று ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெள்ளரிக்காய் சீவத் தொடங்கினாள்.

பிள்ளை ஆவியை ஒருமுறை மோந்தார், ஒரு கை உப்பு அள்ளிப் போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "மொதப் பந்திக்கு எலையப் போடுங்க வே!" என்றார்.