“நல்லா இருக்கறனுங்க” என்ற எங்கள் அக்கா

பொங்கலூர் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் மூத்தவராகப் பிறந்த எங்கள் அக்கா, மணமான சில ஆண்டுகளிலேயே மாமாவை இழந்து திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்த லட்சணத்தை இந்த நினைவு மலரில் எழுத வேண்டாமென்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டுள்ளனர்.

பக்கவாதத்தில் வலக்கை விழுந்தபின் அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை: தம்பி கையை எதிர்பாராமல் தன் வாடகை வீட்டிலேயே இருப்பது. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மூன்று முறை மனுப் போட்டோம். மூன்றும் தள்ளுபடி. ஒவ்வொரு முறையும் அக்கா பரிசோதனைக்கு உள்ளே போக, நான் வெளியே நின்று நகம் கடித்தேன். பதற்றத்தில் இரண்டாவது மனுவில் அக்கா படத்துக்குப் பதில் என் படத்தை ஒட்டிவிட்டேன்.

“மீசை எனக்கு எடுப்பாத்தான் இருக்குது தம்பி” என்றார் அக்கா.

மூன்றாவது மறுப்புக் கடிதத்தைப் படித்தவர் ஜெராக்ஸ் கடை பாய். “ஏனுங்க, புதுசு புதுசா மனுப் போட்டு என்ன பண்றது? மேல்முறையீடில்லீங்களா பண்ணோணும்! ‘தன் வேலைகளைத் தானே செய்கிறார்’னு காரணம் போட்டிருக்குதே! அக்கா உள்ளே என்னங்க சொன்னாங்க?”

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“எப்படி இருக்கறீங்கன்னாரு டாக்டரு. நல்லா இருக்கறனுங்கன்னேன். சோறாக்கறீங்களான்னாரு. அதெல்லாம் ஆக்கிக்கறனுங்கன்னேன். அவ்வளவு மரியாதையா கேக்கறவருகிட்ட முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதா கண்ணு?”

பாய் சொன்னபடி மேல்முறையீடு செய்தோம். பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் கடிதம் வாங்கினோம். ஒரு வாரம் அக்கா வீட்டிலேயே தங்கி, அவரால் முடியாதவற்றையெல்லாம் எழுதினேன். பாத்திரத்தைக் கால்களுக்கிடையே இடுக்கி இடக்கையால் தேய்த்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை.

விசாரணைக்கு நானும் உள்ளே போனேன். அதிகாரி பட்டியலைப் படித்துவிட்டு, “இத்தனையும் நிஜமாம்மா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“முடியலீங்க” என்றார் அக்கா, குற்றம் செய்தவரைப் போல.

உதவித்தொகை வந்தது. கடைசிவரை தன் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே வாழ்ந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நர்ஸ் கேட்டபோதும், “நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?”

“நம்பாதீங்க சிஸ்டர்” என்றேன். அக்கா முறைத்தார்.

பாய்க்கும், கடிதம் தந்த டாக்டருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கத்துக்கு வந்து “எப்படி இருக்கறீங்க?” என்று கேட்ட அத்தனை பேரிடமும் நல்லா இருக்கறனுங்க என்றே சொல்லி அனுப்பினேன். மன்னிக்கவும்.

முடியலீங்க.