பூசணிக்காயின் நிழல்

போன வாரம் ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸுல சீட் கிடைக்கல, பக்கத்து வீட்ல பால் காய்ச்சினாங்கன்னு எழுதறீங்களே... உருப்படியா ஒண்ணு எழுதக்கூடாதா? கரண்ட் வராத தோட்டத்துக்கு சோலார் போட்டா பிரயோஜனம் உண்டா, இல்லையா? அதை எழுதுங்க மேடம்!"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. பதிலும் என் கைவசம் இருந்தது - அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, நேரில் போய்ப் பார்த்து, நாலு போட்டோ எடுத்து, ஜம்மென்று எழுதிவிடலாம் என்று சங்கரன்கோவிலில் பஸ் ஏறினேன். (சீட் கிடைத்தது!)

போனது முத்துலட்சுமி வீட்டுக்கு. என் தாய்மாமா மகள். மேலநீலிதநல்லூர் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கி, வண்டிப்பாதையில் உள்ளே நடக்க வேண்டும். ஊருக்குள் அவளுக்கு வீடில்லை, தோட்டத்திலேயே குடியிருப்பு. அங்கே கரண்ட் கிடையாது. கம்பி வரமுடியாத அளவுக்கு அது ஒன்றும் காடு மலை இல்லை. நடுவில் இருப்பது பங்காளி நிலம், அவ்வளவுதான். "என் பொணத்து மேல வேணா போஸ்ட் ஊனிக்கிடுங்க" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அவர் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார். எனவே கரண்ட் வரவில்லை.

முத்துலட்சுமியின் வீட்டுக்காரர் பேச்சிமுத்து பல வருஷம் திருப்பூரில் கிடந்தவர். பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் வருவார், மறுபடி பஸ் ஏறுவார். பிள்ளைகளும் வெளியூரில். தோட்டத்தில் இவள் ஒற்றையாக ஆடு, கோழி, டார்ச் லைட் என்று காலம் தள்ளினாள். போன வருஷம்தான் அவர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார். "போதும் அக்கா. இனி இங்கனதான்" என்றார் என்னிடம்.

வந்தவர் சும்மா வரவில்லை. கூரை மேல் ஒரு சின்ன சோலார் பேனல் - ரெண்டு லைட், ஒரு ஃபேன், செல்போன் சார்ஜ். கிணற்று மேட்டில் ஒரு பெரிய பேனல் - தண்ணீர் இறைக்க ஒரு குட்டி மோட்டார். இதற்கு பேட்டரி எல்லாம் கிடையாது. வெயில் ஏறினால் மோட்டார் ஓடும். வெயில் தாழ்ந்தால் அதுவும் தூங்கிவிடும். அந்தத் தண்ணீரை நம்பி, கிணற்றைச் சுற்றி எலுமிச்சைக் கன்று நட்டார்கள். புளியங்குடி சந்தை பக்கத்தில்தானே? காய்த்தால் விலைக்குப் பஞ்சமில்லை.

மோட்டார் ஓடத் தொடங்கிய புதிதில் நானும் போய்ப் பார்த்தேன். அடேயப்பா! கரண்ட் இல்லை, டீசல் இல்லை, புகை இல்லை. குழாய் வாய் நிறையத் தண்ணீர் கொட்டுகிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"என்னவே பேச்சி, சூரியனையே வேலைக்கு வச்சிட்டேரு!" என்றார் ஒருவர்.

"சம்பளம் கேக்காத வேலைக்காரன்லா!" என்று பேச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். நானும் என் பங்குக்கு, "சூப்பர் பேச்சி, இந்த வட்டாரத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது முத்துலட்சுமி என் காதோடு சொன்னாள்: "மதினி, இந்தக் கோடைய எலுமிச்சை தாண்டிட்டா அவுக வீட்டோட இருந்துருவாகளாம். தாண்டலன்னா பழையபடி திருப்பூருதான்னு சொல்லியிருக்காக. சங்கரநயினார் சாமிதான் பார்க்கணும்." அவள் அப்படிச் சொல்லும்போது முகம் பூராவும் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் நான் போனது இந்த ஆனி மாதம்தான், வாசகர் போன் செய்த பிறகு. பாதையிலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது. கிணற்றைச் சுற்றி வரிசையாகக் குச்சிகள். இலையில்லாத, பச்சையில்லாத வெறும் குச்சிகள்.

"வாங்க மதினி" என்றாள். ஒரே ஆளுக்கான சோறு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். "பேச்சி எங்கட்டி?"

"சித்திரை கடைசியில போயிட்டாக." 

டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னாள். மாசி மாதம் வரை தண்ணீர் நன்றாகத்தான் வந்திருக்கிறது. பங்குனியில் குறைய ஆரம்பித்தது. சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், நூல் மாதிரி வடிந்தது. கிணறு வற்றிவிட்டதோ என்று பேச்சிமுத்து உள்ளே இறங்கிப் பார்த்தார். தண்ணீர் கிடந்தது. மேலேதான் ஏறவில்லை. குடத்தில் மொண்டு மொண்டு கன்றுக்கு ஊற்றிப் பார்த்தார்கள். அந்தக் கோடைக்கு இரண்டு பேருடைய கை எம்மாத்திரம்?

"மாட்டுன ஆளைக் கூப்பிடலயா?"

"போன்ல கேட்டோம். தூசியத் துடைச்சீங்களான்னாரு. துடைச்சோம்னோம். மரத்து நிழல் விழுதான்னாரு. அதுக்குத்தான் மாட்டுன அன்னைக்கே வேம்புல அம்மாம் பெரிய கிளைய வெட்டியாச்சே... வெயில் குறைஞ்சா சரியா வரும்னு நெனச்சுக்கிட்டோம். ஊர்க்கண்ணு மதினி, வேறென்ன? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாக. எத்தன பேரு வந்து வாயப் பொளந்தாக!"

வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருத்தி. டீயைக் குடித்துக்கொண்டேன்.

இவ்வளவு தூரம் வந்தது வந்தாச்சு, பேனலையாவது படம் எடுப்போம் என்று கிணற்று மேட்டுக்குப் போனேன். போனால்... பேனலையே காணோம்! இருந்தது. ஆனால் பார்க்கவிடாமல் ஒரு தோரணம்.

பேனலுக்கு நேர் மேலே, இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒரு கம்பு. நடுவில் பெரிய திருஷ்டிப் பூசணிக்காய், பல்லை இளித்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் வைக்கோல் அடைத்த பொம்மை. கறுப்புக் கயிற்றில் படிகாரம். காய்ந்த மிளகாய். தலைகீழாக ஒரு கற்றாழை. கடைசியில், பேச்சிமுத்துவின் பிய்ந்த செருப்பு.

"என்னட்டி இது?"

"பூசணிக்காய் நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் கட்டுனது மதினி" என்றாள் கூச்சத்தோடு. "தண்ணி குறையக் குறைய ஒவ்வொண்ணா சேத்தேன். அவுக சிரிச்சாக. வேண்டாம்னு சொல்லல."

எனக்கு என் கவலை. "ஏட்டி, ஒரு போட்டோவுக்கு மட்டும் இதையெல்லாம் அவுத்துருவோம். செருப்போட படம் வந்தா பேப்பர்ல என் மானம் போயிரும்."

"ஐயே, அவுக்கக் கூடாது மதினி!"

"எடுத்துட்டு உடனே கட்டிருவோம். நானே கட்டுதேன், போதுமா?"

அரை மனதோடு தொரட்டிக் கம்பை எடுத்து வந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பு இறங்கியது. பொம்மை இறங்கியது. பூசணிக்காயைக் கயிற்றோடு கழற்றி அவள் மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.

கிணற்றுக்குள் மோட்டாரின் சத்தம் மாறியது. குழாய் இருமியது. இருமி, ஒரு கொப்புளம் காற்றைத் துப்பிவிட்டு, மடமடவென்று தண்ணீரைக் கொட்டியது. வாய்க்காலில் விழுந்த வேகத்தில் என் சேலை நனைந்தது.

முத்துலட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தாள். "யாரு என்ன செஞ்சா?"

யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவள் கையில் பூசணிக்காய் இருந்தது, அவ்வளவுதான். அவள் மெதுவாக அதைப் பார்த்தாள். பேனலைப் பார்த்தாள். பிறகு தொரட்டியில் பூசணிக்காயை மாட்டி, பழைய இடத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். உருண்டையாக ஒரு நிழல் கண்ணாடி மேல் விழுந்தது. தண்ணீர் பாதியாகத் தளர்ந்தது. இறக்கினாள். கொட்டியது. மறுபடி உயர்த்தினாள். மறுபடி தளர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"ஐயோ மதினி... என் கையாலயே கட்டுனேனே!" என்று அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அங்கிருந்தே பேனல் மாட்டியவருக்குப் போன் போட்டேன். விளக்கினார். ஒரு பேனலுக்குள் இருக்கிற கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவையாம். ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும் அதோடு கோத்த மற்றதும் சேர்ந்து மந்தமாகிவிடுமாம். தண்ணீர் போகிற ஹோஸை ஒரே ஒரு இடத்தில் மிதித்தால் போதாதா, அதுபோல. இதில் பூசணி, பொம்மை, கற்றாழை, செருப்பு என்று எத்தனை மிதி! மாசி வரை வெயில் சாய்வாக விழுந்ததில் பூசணி நிழல் பேனலுக்கு வெளியே போயிருக்குமாம், பங்குனியில் சூரியன் உச்சிக்கு ஏறியதும் நேராகக் கண்ணாடி மேலேயே இறங்கிவிட்டதாம். "மரத்து நிழல்னு சொன்னேன் மேடம். பூசணிக்காய் நிழல்னு எவனுக்குத் தோணும்?" என்றார். அவர் குரலிலும் வருத்தம்தான்.

யாரைக் குறை சொல்ல? நிழல் ஆகாது என்று ஒரு வேப்பங்கிளையையே வெட்டியவர்கள் அவர்கள். தண்ணீர் குறைந்ததும் கண் பட்டுவிட்டது என்று இன்னொன்றைக் கட்டினாள். கட்டியதால் தண்ணீர் இன்னும் குறைந்தது. குறைந்ததால் இன்னொன்று... பயம் கூடக்கூட நிழல் கூடியது. கூரை மேல் இருக்கிற சின்ன பேனல்? அது பாட்டுக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் அதற்கு யாரும் காவல் போடவில்லை.

நாம் எல்லாருமே இப்படித்தானோ? குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தில் மைப்பொட்டு. வீடு கட்டினால் மொட்டை மாடியில் பூதம். மகளுக்கு வேலை கிடைத்தால், "வெளியே சொல்லாத." நமக்கு நல்லது நடந்தால் சந்தோஷம் பின்னால்தான் வருகிறது - பயம் முந்திக்கொள்கிறது. நான் முத்துலட்சுமியைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். அவள் கட்டியது பூசணிக்காயை இல்லை. வீட்டுக்காரர் வீட்டிலேயே தங்க வேண்டுமே என்ற ஆசையைத்தான்.

ஆக, போன் செய்த வாசகரே, உங்கள் கேள்விக்குப் பதில்: பிரயோஜனம் உண்டு, தாராளமாக உண்டு. லைட் எரியும், போன் சார்ஜ் ஏறும், ஃபேன் ஓடும், மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயருக்குக்கூட சார்ஜ் போடலாம், பகலெல்லாம் தண்ணீர் வரும். ஈரத்துணியால் தூசி துடையுங்கள். அதற்கு மேல், தயவுசெய்து, எதையும் தொங்கவிடாதீர்கள். பொறாமைக்காரனை வேண்டுமானால் பக்கத்திலேயே நிற்கவையுங்கள் - நிழல் விழாத பக்கமாக.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நான் கிளம்புகிற நேரத்தில் அவளுடைய செல்போன் அடித்தது. திருப்பூரிலிருந்து பேச்சிமுத்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவாராம். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னட்டி, ஏதோ சத்தம் கேக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து, காய்ந்த குச்சிகளின் காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

"மோட்டாரு ஓடுது. தண்ணி நல்லா வருது."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்து விடுகிற சத்தம்.

"இப்ப வருதாக்கும்... சரி, வரட்டும். ஏட்டி, அந்தப் பூசணிக்காய மட்டும் அவுத்துராத, என்ன? மறுபடி எவன் கண்ணாவது பட்டுரும்."

"சரி" என்றாள்.

அது அவள் மடியில்தான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் கோடை முழுக்க வாடாமல் இருந்தது அது ஒன்றுதான்.